சேர்வர் அறைப் பெரட்டு

மண் சரிந்து பசறை ரோடு மூடிக்கிடந்த காலையில் நாலு மைல் நடந்து போய், கடைசி ஆளாக உட்கார்ந்து எழுதி எடுத்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். கணக்கு வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு விசேட சித்தி. பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ தகப்பன் பெயரை எழுதி வைத்திருந்ததால், பதினொரு தடவை அலைந்து எடுத்த அடையாள அட்டை. தேயிலைப் பெட்டிப் பலகையில் அண்ணன் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வரைந்து கொடுத்த கீபோர்டில் விரல் பழகி, கணினி வகுப்பில் வாங்கிய முதலாம் இடம். ஆறு மணி பஸ்ஸில், கண்டக்டர் தன் சொந்தக்காரருக்கே கொடுக்காத, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட். இவ்வளவையும் வென்ற ஜெயலெட்சுமி, தினமும் காலை ஏழு மணிக்குப் பதுளையில் ஓர் இரும்புப் பெட்டியின் முன்னால் நின்று பேர் கூப்பிடுகிறாள்.

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அவள் நடத்துவதும் பெரட்டுத்தான். கையில் அச்சடித்த ஒரு தாள். காதில் செருகிய பென்சில். செருப்பு வாசலுக்கு வெளியே. திரையில் ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜின் பெயராகப் பார்த்து, அதன் இலக்கத்தை வாய்விட்டுப் படித்து, தாளில் புள்ளி வைப்பாள். சரியாக இருப்பது முழுப் பேர். பாதி ஏறிப் பாதி ஏறாமல் நிற்பது அரைப் பேர், மத்தியானத்தோடு வேலையை விட்டுப் போனவனுக்குத் தோட்டத்தில் விழுகிற மாதிரி.

"பெட்டி பதில் சொல்லிச்சா புள்ள?" என்று தேத்தண்ணி கொண்டு வரும் பியோன் றஹீம் தினமும் கேட்பார்.

"சொல்லிச்சு நானா. எல்லாரும் வந்துட்டாங்க."

"லீவு கேட்டு ஆரும் வரல்லயா?"

"இவங்களுக்கு லீவு குடுத்தா நமக்குத்தான் லீவு," என்பாள் சிரிக்காமல். பகிடியைப் பகிடி என்று காட்டிக்கொள்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

பெட்டி என்று றஹீம் சொல்வது சேர்வரை. கம்பனிக்கு ஊவாவில் ஒன்பது தோட்டங்கள். ஒன்பது தோட்டக் காரியாலயங்களிலும் ஒவ்வொரு பழைய கணினி. அவற்றில் சொந்தமாக ஒன்றும் இல்லை. காலையில் டெலிபோன் வயர் வழியாகப் பதுளை சேர்வரின் திரையை வரவழைத்துத் தங்கள் திரையில் வைத்துக்கொள்ளும். பூனாகலைப் பக்கத்தில் கணக்கு எழுதும் இலிகிதர் தட்டுகிற அன்றைய கொழுந்து நிறை, உண்மையில் பதுளையில் இந்தப் பெட்டிக்குள்தான் விழுகிறது. அப்படித் திரையை வரவழைத்துக் கொடுக்கிறதற்குப் பெயர் ரிமோட் டெஸ்க்டாப். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதற்காகக் கம்பனி வாங்கியது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏன் இதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் ஜெயலெட்சுமியிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. "கதவு நம்மளுது. தாப்பாளு எங்கயோ தூரத்துல ஒருத்தன் செஞ்சது. அவனே, 'அதுல ஒரு ஓட்டை இருக்கு, இந்தா வேற'ன்னு குடுக்குறான். அன்னைக்கே மாத்திப்புடணும். திருடன் வந்து காட்டித் தர்ற வரைக்குமா இருக்குறது?"

காரியாலயத்து டெலிபோன் வயரில் புதிய பேக்கேஜை இறக்கப் போனால் ஒன்று பாதி நாள் எடுக்கும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கும் ஜௌபரின் இன்டர்நெட் கடைக்குப் போவாள். இறக்கி, சீடியில் ஏற்றி, அது வழியில் கெடாமல் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதனோடு வரும் முப்பத்திரண்டு எழுத்துச் சோதனை எண்ணைத் தாளில் எழுதிக்கொள்வாள். எழுதி முடித்து ஜௌபரிடம் தாளை நீட்டுவாள்.

"நீங்க படிங்க. நான் ஸ்கிரீன்ல பாக்குறேன்."

"புள்ள, கடையில ஆள் ஈக்கி," என்பார் அவர், காத்திருப்பவர்களைக் காட்டி.

"முப்பத்திரண்டுதாங்க. சீக்கிரமா முடிஞ்சிரும்."

போன வருசம் ஒரு நாள் பதினெட்டாவது எழுத்தில் ஜௌபர் தும்மினார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வைத்தாள். அன்று முதல் அவள் படியேறுவதைக் கண்டால் ஜௌபர் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் வரவேற்பார்.

கொண்டு வந்த புதியதை உடனே போட்டுவிடவும் மாட்டாள். பழைய பேக்கேஜை முதலில் எடுத்து ஒரு கோப்புறையில் வைப்பாள். அதன் பெயர் 'பழைய லயம்'; தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டைத்தான் லயம் என்பார்கள். "புது ஆளு வேலை தெரியாம முழிச்சான்னா பழைய ஆள கூப்பிடணும்ல. எங்க இருக்கான்னு தெரியணும்." பிறகு ஒன்பது தோட்டங்களுக்கும் வரிசையாக டெலிபோன். திரை அரை மணித்தியாலம் போகப் போகிறது, எழுதியதைச் சேமித்துவிட்டீர்களா? 'ம்' என்றால் ஏற்க மாட்டாள். 'சேமித்துவிட்டேன்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

"அக்கா, ரெண்டு நிமிசம்," என்பார் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தின் இலிகிதர் சதீசன்.

"ரெண்டுன்னா ரெண்டுதான் தம்பி. பாத்துக்கிட்டு இருக்கேன்." உண்மையாகவே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

எல்லாம் முடிந்ததும் கொப்பி. சேர்வர் வந்த 2003ஆம் ஆண்டு அவளே கோடு போட்ட பெரிய கொப்பி. ஐந்து கட்டங்கள்: திகதி, பேக்கேஜ், பழைய இலக்கம், புதிய இலக்கம், கையெழுத்து. முதல் நாலும் அவள் எழுத்து, மணி மணியாக. ஐந்தாவது மட்டும் தலைமை இலிகிதர் இரகுநாதனுடையது. நிரந்தர உத்தியோகத்தர்தான் கையெழுத்து வைக்கலாம் என்பது கம்பனி விதி. ஜெயலெட்சுமி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீடிக்கப்படும் தற்காலிக உதவியாளர். ஆகவே மாலை நாலு மணிக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இரகுநாதனின் மேசைக்குப் போவாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போடாமலே, "எல்லாம் சரியோ பிள்ளை?" என்று கேட்டு, நீட்டி ஒரு கையெழுத்து வைப்பார். வரிக்கு வரி அவர் படித்திருந்தால் 2004இல் அந்தச் சங்கடம் வந்திருக்காது.

அந்தச் சங்கடத்தை ஜெயலெட்சுமியின் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இலிகிதர்களுக்குப் பழக்கிக் கொடுக்கப் பூனாகலைப் பக்கம் போயிருந்தவள், கையோடு ஒரு புதுப்பிப்பையும் அங்கிருந்தே செய்து காட்டலாம் என்று நினைத்தாள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பதுளை சேர்வருக்குள் நுழைந்து, அந்த ரிமோட் டெஸ்க்டாப்பையே புதுப்பித்தாள். புதியது வருவதற்கு முதல் பழையது நிறுத்தப்படும் அல்லவா? நிறுத்தப்பட்டது. அவளுடைய திரையும் அதோடு போனது. மற்ற எட்டுத் தோட்டங்களின் திரைகளும் போயின. சுற்றி நின்றவர்கள், "இப்ப என்னக்கா செய்யணும்?" என்று கேட்க, "இப்ப பண்டாரவளைக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாளாம். மூன்று பஸ் மாறிப் பதுளைக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அன்று சிவப்பு மையால் கொப்பியில் எழுதினாள்: 'பூனாகலையிலிருந்து செய்தது என் பிழை. இனி இந்தப் பேக்கேஜை அறைக்குள் இருந்து மட்டுமே தொட வேண்டும்.' இரகுநாதன் வழக்கம்போல் கீழே கையெழுத்து வைத்தார். மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு வந்தவர், வேலை நாளில் அனுமதி இல்லாமல் பூனாகலைக்கு எதற்காகப் போனீர்கள் என்று இரகுநாதனிடம் விளக்கம் கேட்டார். இரகுநாதன் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "காத்து மாறினால் உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்," என்றார்.

அந்தக் கையெழுத்துத்தான் 2006இல் அவளுடைய வேலைக்கு உலை வைத்தது.

ஜூலையில் ஒரு கடிதம். செப்டம்பர் முதலாம் திகதி தொடக்கம் பதுளை சேர்வரைக் கொழும்பிலிருந்தே ரிமோட் மூலம் பராமரிப்பார்கள். பதிவேட்டின்படி இதுவரை அந்த வேலையைத் தலைமை இலிகிதரே மேலதிகமாகச் செய்து வந்திருப்பதால், தற்காலிக உதவியாளர் தேவையில்லை. மூன்று வருசக் கொப்பியில் ஜெயலெட்சுமி என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை. கொழும்பைப் பொறுத்தவரை அந்த அறையில் அப்படி ஒருத்தி நின்றதே இல்லை.

கொழும்புப் பொறியியலாளர் மதுசூதனன் கெட்டவர் அல்ல. "ஜெயா அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஓகஸ்ட் பதினாறு நான் இங்கயிருந்து ஒருக்காச் செய்து பாக்கிறன். நீங்கள் அண்டைக்கு வரவே தேவையில்லை, லீவு எடுங்கோ," என்றார் டெலிபோனில்.

"அறைக்குள்ள ஒரு ஆளு நிக்கட்டுங்களே. ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். சும்மா நிக்கிறேன்."

"நீங்கள் நிண்டால் அது பரீட்சை இல்லையே, அக்கா."

நியாயமான பேச்சு. சாவியை றஹீமிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பதினாறாம் திகதி புதன்கிழமை. வேலை இல்லாத நாளில் வீட்டில் இருந்து பழக்கமில்லாதவள், ஐந்து மணிக்கே குளித்து, வேலைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் கைக்கு எட்டிய டப்பாக்களை எல்லாம் இறக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் மெசின் பார்க்கும் அண்ணன் சின்னராசா, முறை முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"மஞ்சத்தூளுக்குப் புது வெர்சன் வந்திருச்சா?"

"சும்மா இருண்ணே."

"மொளகாத்தூளு அரைப் பேரா?"

அவள் திரும்பவில்லை. முதுகைப் பார்த்தாலே அழுகிறாளா இல்லையா என்று சின்னராசாவுக்குத் தெரியும். அவர் மேல் தட்டில் எட்டாத டப்பாக்களை இறக்கிக் கொடுத்தார்.

ஒன்பதே முக்காலுக்கு அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. றஹீம்.

"தங்கச்சியக் குடுங்க தம்பி. ஒம்பது தோட்டத்துலயும் படம் போச்சி. இரகுநாதன் ஐயா அறைக்குள்ள போயிட்டு, பெட்டியத் தொட்டுப் பாத்துட்டு, கையக் கழுவிட்டு வந்துட்டாரு."

கொழும்பில் நடந்தது இதுதான். உள்ளே வர மதுசூதனனுக்கு இரண்டு வழி இருந்தது. எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரை ஒன்று; ரிமோட் டெஸ்க்டாப் மற்றது. இரண்டு கதவு இருந்தால் இரண்டு ஆபத்து என்று போன வாரம்தான் முதலாவதைப் பூட்டியிருந்தார். மிஞ்சிய ஒரே கதவால் நுழைந்து, அந்தக் கதவையே கழற்றினார். பழையது நின்றது. பழைய அமைப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று சேர்வர் ஒரு கேள்வி கேட்டது. கேள்வி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வேலையில் எல்லாம் அறுந்தது.

அவர் இரகுநாதனை டெலிபோனில் பிடித்தார். "அண்ணை, கொப்பியில எல்லாம் உங்கட கையெழுத்துத்தானே. ஒருக்கா அறைக்குள்ள போய், நீங்கள் வழமையாச் செய்யிற மாதிரி எடுத்து விடுங்கோவன். மத்தியானத்துக்குள்ள கொழுந்து நிறை வராட்டி இங்க என்னைத் திண்டு போடுவினம்."

இரகுநாதன் முப்பத்தொரு வருசம் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருசம். செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைத்தேன் என்று வாய் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். டெலிபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"தம்பி, அந்தப் பெட்டியை எவடத்தில ஓன் பண்ணிறது எண்டே எனக்குத் தெரியாது."

"அண்ணை?"

"கையெழுத்து என்ர. வேலை முழுக்க அந்தப் பிள்ளையின்ர. மூண்டு வருசமா. பூனாகலைக்கும் நான் போகேல்லை." பூனாகலையைச் சொன்னதும் அவருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது என்று றஹீம் பிறகு சொன்னார்.

பத்து மணி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஜெயலெட்சுமி நின்றுகொண்டே போனாள். வளைவுக்கு வளைவு சாய்ந்தபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களில் எதையோ எண்ணிக்கொண்டு போனாளாம். அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கண்டக்டர் டிக்கட் கேட்கவில்லை.

காரியாலயத்தில் எல்லாரும் வாசலில் நின்றார்கள். அவள் செருப்பைக் கழற்றினாள். அவசரத்திலும் இரண்டையும் சுவரோரமாகச் சேர்த்து வைத்தாள். சேர்வரோடு பொருத்தியிருந்த திரையின் முன்னால் உட்கார்ந்து, பேர் கூப்பிடத் தொடங்கினாள். பதினாலாவது பேரில் நின்றாள்.

"இந்தா இருக்கான் அரைப் பேரு."

பாதியில் நின்றதைத் தொடரச் சொன்னாள். கொழும்புக்குப் போய்ச் சேராத அந்தக் கேள்வி அவள் முன்னால் வந்து நின்றது. பழைய அமைப்பே இருக்கட்டும் என்றாள். ஒன்பது தோட்டங்களுக்கும் அவள் கையால் எழுதிய அமைப்பு அது. அப்படியும் புதியது எழும்பவில்லை. அதோடு சோடியாக வரவேண்டிய இன்னொரு பேக்கேஜைக் கொழும்பு போடவேயில்லை. சோடி வேண்டுமென்றால் ஜௌபரின் கடைக்குப் போக வேண்டும், முப்பத்திரண்டு எழுத்து வாசிக்க வேண்டும். மணி பதினொன்றே கால். பழைய லயத்தைத் திறந்தாள். பழைய ஆள் வைத்த இடத்திலேயே இருந்தார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு டெலிபோனை எடுத்து முதல் தோட்டத்தைக் கூப்பிட்டாள். திரை வந்ததா? வந்தது. இரண்டாவது. மூன்றாவது. பூனாகலைப் பக்கத்திலிருந்து சதீசன், "வந்திருச்சுக்கா, வந்திருச்சு! நீங்க வந்துட்டீங்களா?" என்று கத்தியது அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"தம்பி, திரை வந்ததான்னு மட்டும் சொல்லுங்க. இன்னும் நாலு தோட்டம் இருக்கு."

கொழுந்து நிறை பன்னிரண்டுக்கு முதல் போய்ச் சேர்ந்தது. மதுசூதனன் எடுத்து, "அக்கா, நீங்கள் சும்மா நிக்கிறன் எண்டு கேட்டபோது நான் விட்டிருக்கோணும்," என்றார். பிறகு, தான் மேலே கதைப்பதாகவும், அந்த ஜூலைக் கடிதத்தை நிறுத்த எழுதுவதாகவும் சொன்னார். "நடக்கும் எண்டு வாக்குத் தரமாட்டன். ஆனா எழுதுவன். என்ர பிழையையும் சேர்த்து."

நாலு மணிக்குக் கொப்பியோடு இரகுநாதனின் மேசைக்குப் போனாள். நாலு கட்டமும் நிரம்பியிருந்தது. 'கொழும்பிலிருந்து செய்ததில் அரைப் பேர். பழைய ஆள் திரும்ப வேலைக்கு வந்தார்.' இரகுநாதன் அன்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, முழுவதையும் படித்தார். பேனாவை எடுத்தார். மூடி வைத்தார்.

"இதில நான் போட மாட்டன் பிள்ளை."

"ஐயா, கட்டம் காலியா கெடக்குமே."

"கிடக்கட்டும்."

வேலை இருக்குமா போகுமா என்று தெரியாத அன்றைக்கு, வீட்டுக்கு வந்து அவள் சொல்லி மாய்ந்தது வேலையைப் பற்றி அல்ல. மூன்று வருசத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக விட்டதில்லையே என்பதுதான். சின்னராசா சோற்றைப் பிசைந்தபடி, "நான் வேணா வந்து கைநாட்டு வச்சிட்டுப் போகவா?" என்று கேட்டார். அதற்குத்தான் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த நாள் விடிய ஜௌபரின் கடையைத் திறக்க வைத்து, தும்மல் இல்லாமல் முப்பத்திரண்டையும் இரண்டு தடவை வாசிக்கக் கேட்டு, சோடியாகப் புதியதைக் கொண்டு வந்தாள். ஒன்பது தோட்டங்களுக்கும் சொல்லி, அறைக்குள் உட்கார்ந்து, இருபத்திரண்டு நிமிடத்தில் போட்டு முடித்தாள். பத்தரைக்கு ஃபெக்ஸ் மெசின் கிறீச்சிட்டது. றஹீம் தாளைக் கிழித்து, இரகுநாதனிடம் கொண்டு போகாமல் நேராகச் சேர்வர் அறைக்கே கொண்டு வந்தார். ஜூலைக் கடிதம் இரத்து. பதுளை சேர்வர் பொறுப்பாளர் என்று ஒரு நிரந்தரப் பதவி, இன்றிலிருந்து. கீழே அவள் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

அவள் தாளை இரண்டு தடவை வாசித்தாள். இரகுநாதன் வந்து, மேசையில் இருந்த கொப்பியைத் திறந்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, தன் பேனாவை அதன் நடுவில் வைத்தார்.

"போடுங்கோ."

நேற்றைய வரியின் காலிக் கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தாள். நீட்டி வளைத்து ஒரு கையெழுத்துப் போட அவள் பழகியதே இல்லை. கடைசியில், பரீட்சைத் தாளில் எழுதுகிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள். பக்கத்தில் திகதி.

"பிள்ளை, வேலை நடந்தது நேற்று. பதினாறெண்டு போட்டால்தான் வரியோட ஒத்து வரும்," என்றார் இரகுநாதன்.

"வேல நேத்து செஞ்சதுங்க ஐயா. கையெழுத்து இன்னைக்குத்தானே வைக்கிறேன்," என்று சொல்லி, மை காயும்வரை அந்தக் கட்டத்தின் மேல் மெல்ல ஊதினாள்: 17.08.2006.